டிஸ்கோ தனம் பாடுகிறார்

மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். அந்த நாளை நினைத்தால் முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது.

புதுச்சேரியில், மூடிக் கிடந்த ஒரு சோடாக் கம்பெனியின் பின்கட்டில் அந்த அறை இருந்தது. சுவரெல்லாம் கோணிப்பையும் பழைய மெத்தையும் வைத்து அடித்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பலகை போட்டிருந்தது. மின்விசிறி ஓடினால் அந்தச் சத்தமும் டேப்பில் ஏறிவிடும் என்று ஒலிப்பதிவு செய்கிறவர் சொல்லிவிட்டார். சித்திரை வெயில். அம்மா தைத்துக் கொடுத்த புது ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அறைக்குள் சர்க்கரைப் பாகும் எசென்ஸும் கலந்த பழைய வாசனை இன்னும் போகாமல் இருந்தது.

என் தலையில் ஹெட்போனை மாட்டினார்கள்.

நான் மேடையில் பாடிப் பழகியவள். மேடையில் நம் குரல் நம்மை விட்டுப் போய்விடும். ஜெனரேட்டர் சத்தம், குழந்தைகளின் அழுகை, பலூன்காரன் ஊதல் எல்லாவற்றையும் தாண்டிப் போகட்டும் என்று தொண்டையைத் திறந்து விடுவோம். இங்கே முதன்முதலாக என் குரல் என் காதுக்குள்ளேயே கேட்டது. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. பாட வேண்டிய இடம் வந்தும் வாய் திறக்கவில்லை.

"இன்னாமா, நின்னுட்ட?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவரிமுத்து மாஸ்டர் கேட்டார். எங்கள் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் அவர்தான். கீபோர்டும் அவர்தான்.

"ரொம்பக் கிட்டக்க கேக்குது மாஸ்டர்."

"கிட்டக்கதான் கேக்கும். இது திருவிழா இல்ல. ஜனத்துக்குப் பாடாத. யாரயாவது ஒருத்தர நெனச்சிக்கோ. அவங்க காதுல சொல்ற மாதிரி பாடு."

"யார நெனச்சிக்கிறது?"

"அத நான் எப்பிடிமா சொல்லுவேன்?"

கண்ணை மூடிக்கொண்டேன். முகம்கூடச் சரியாக நினைவில்லாத ஒருவரை நினைத்துக்கொண்டேன்.

சொல்தா வீடு

இந்தத் தொடரைப் படித்துவரும் சிலர் கேட்கிறார்கள்: அம்மாவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள், அப்பாவைப் பற்றி ஒரு வரியும் காணோமே என்று. இத்தனை வாரம் தள்ளிப்போட்டதை இந்த வாரம் எழுதிவிடுகிறேன். என் முதல் தனி கேசட்டைப் பற்றிச் சொல்ல வந்தால் அவரைத் தவிர்த்துவிட்டுச் சொல்ல முடியாது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவரை எங்கள் பக்கத்தில் 'சொல்தா' என்பார்கள். வில்லியனூரிலும் பாகூரிலும் அந்த நாளில் பல தெருக்களில் ஒரு சொல்தா வீடாவது இருக்கும். வீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரும்பு கேட் இருக்கும். மொட்டைமாடிக் கொடியில் பெரிய பெரிய துண்டுகள் காயும். லீவில் ஆள் வந்திருந்தால் தெருவே சென்ட் வாசனை அடிக்கும்.

எங்கள் வீடும் சொல்தா வீடுதான். ஆனால் பார்த்தால் தெரியாது. வில்லியனூரில் ஒரு சின்ன ஓட்டு வீடு. வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து அம்மாவின் தையல் மெஷின். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் அம்மாதான் ஜாக்கெட் தைப்பாள்.

அப்பாவுக்குப் பூர்வீகம் பாகூர். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டவர்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கோயிலில் கல்யாணம் நடந்தது. அதை பிரெஞ்சு ஆபீஸில் பதிந்தால்தான் மனைவி என்று அங்கே ஏற்பார்கள். 'அடுத்த லீவுல வந்து எழுதிடலாம்' என்று சொல்லிவிட்டு அப்பா கப்பல் ஏறினார். அடுத்த லீவில் நான் பிறந்திருந்தேன். அதற்கடுத்த லீவில் நான் நடந்தேன், பேசினேன். அப்போதும் எழுதவில்லை. அப்புறம் அவர் வருவது நின்றுபோனது.

எனக்கு அவரைப் பற்றி மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான். சவரம் செய்த கன்னத்தில் என் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருந்தது. தேர்த் திருவிழாவில் தோளில் உட்கார்ந்து போனேன். கீழே அவர் தலைமுடி எண்ணெய் இல்லாமல் மெத்தென்று இருந்தது. முகம் மட்டும் வரவே வராது. வீட்டில் அவர் போட்டோ எதுவும் இல்லை. ஒன்று இருந்தது, பிறகு அந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

அம்மா அவரைப் பற்றி நல்லதும் பேச மாட்டாள், கெட்டதும் பேச மாட்டாள். நான் கேட்டால், "ஊசி கோக்கணும், கொஞ்சம் இந்த நூலப் பாரு" என்பாள்.

ரைஸ் மில் பாட்டு

நான் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு படிக்கும்போது, பாரீஸிலிருந்து வந்த யாரோ ஒருவர் மூலமாக, அப்பா அனுப்பியது என்று ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. என் கைக்கு அடக்கமாக, கறுப்பாக, பியானோக் கட்டை மாதிரிப் பொத்தான்களோடு. உள்ளே ஒரு கேசட் இருந்தது. அப்பா குரல் இருக்கும் என்று நினைத்துப் போட்டேன். இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் பாடினாள். பின்னால் தாளம் டும் டும் என்று ஒரே சீராக, நிற்காமல், மூச்சு வாங்காமல் போனது.

"இன்னாடி இது, ரைஸ் மில்லு ஓடுற மாதிரி?" என்றாள் அம்மா.

அதற்குப் பெயர் டிஸ்கோ என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேசட்டில் என் அப்பா ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று மட்டும் நம்பினேன். ஒரு வார்த்தை புரியாமல் அத்தனை பாட்டையும் மனப்பாடம் செய்தேன். அந்தப் பெண் எங்கே மூச்சு விடுகிறாளோ அங்கே விட்டேன். எங்கே குரலை உடைக்கிறாளோ அங்கே உடைத்தேன். தண்ணீர் எடுக்கப் போகிற வழியெல்லாம் அந்தத் தாளத்துக்கு நடந்தேன்.

பிறகு சில வருஷத்தில் டிஸ்கோ எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. டிஸ்கோ வளையல், டிஸ்கோ பேன்ட், டிஸ்கோ டெய்லர்ஸ், டிஸ்கோ சலூன். சேதராப்பட்டில் ஒரு டீக்கடைக்காரர் டிஸ்கோ வடை என்று எழுதிப் போட்டிருந்தார். வடையில் எந்த வித்தியாசமும் இல்லை.

சவரிமுத்து மாஸ்டரிடம் நான் போய் நின்றபோது அவருக்கு அப்படிப் பாட ஒரு ஆள் தேவைப்பட்டது. அவரும் ஒரு சொந்தக்காரர் மூலம் பிரான்ஸிலிருந்து கீபோர்டும் தாளம் போடுகிற ரிதம் பெட்டியும் வரவழைத்திருந்தார். நான் அந்த பிரெஞ்சுப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினேன்.

"இது இன்னா பாஷை?" என்றார். அவருக்கு பிரெஞ்சு நன்றாகத் தெரியும்.

"பிரெஞ்சு, மாஸ்டர்."

"பிரெஞ்சுக்காரன் கேட்டா அழுதுடுவான். ஆனா மெட்டு ஒரு இடத்துலயும் வெலகல. நாளைக்கி வா."

வீராம்பட்டினம் ஆடித் திருவிழாவில், கடற்கரை மணலில் போட்ட மேடையில், அம்மா சமிக்கி வைத்துத் தைத்த வெள்ளி நிற உடையில் முதன்முதலாக ஏறினேன். அந்தக் கதையை முன்பே எழுதிவிட்டேன். அன்றிலிருந்து தனலட்சுமி என்ற பெயர் போய், நான் டிஸ்கோ தனம் ஆனேன்.

ஜமால் பாய்

தனியாக ஒரு கேசட் போடலாம் என்ற யோசனை மாஸ்டருடையது அல்ல, என்னுடையதும் அல்ல. ஜமால் பாயுடையது.

வில்லியனூர் கடைத்தெருவில் ரேடியோ, கேசட் கடை வைத்திருந்தார் ஜமால் பாய். மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை கசங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. காலி கேசட் கொண்டுவந்து கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து கொடுப்பார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"யக்கா, கடைக்கு வர்ற பசங்க இன்னா கேக்குறானுங்க தெரியுமா? சினிமாப் பாட்டு கேக்கல. தனம் பாடுற பாட்டு குடுங்க பாய்ன்றானுங்க. நான் எங்க போய்க் குடுப்பேன்? அதான், நாமளே ஒண்ணு போட்டா இன்னா? எல்லாம் புதுப் பாட்டு. முழுக்க தனம் மட்டும் பாடுற மாதிரி."

அம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "படம் போடுவீங்களா, அட்டையில?"

"படம் இல்லாம எப்பிடிக்கா?"

"அப்ப புடவை கட்டிக்கினுதான் நிக்கும்."

புடவையில்தான் நின்றேன். ஸ்டுடியோவில் அருவி வரைந்த படுதா மட்டும்தான் இருந்தது. ஜமால் பாய் பல்புகளுக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிக் காகிதம் சுற்றினார். அச்சாகி வந்தபோது சிவப்பு கொஞ்சம் நகர்ந்து, என் உதடு கன்னத்தில் இருந்தது. அதையெல்லாம் விட, அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் பெரிய பேச்சு நடந்தது. அச்சகத்துக்காரர் 'டிஸ்கோ தனம் பாடுகிறாள்' என்று அச்சுக் கோத்து வைத்திருந்தார். அப்படிப் போட்டால்தான் இளவட்டங்கள் வாங்குவார்கள் என்பது அவர் எண்ணம். ஜமால் பாய் கடைசி எழுத்தை விரலால் மறைத்தார்.

"பாடுகிறார்னு போடுப்பா. நம்ம வூட்டுப் பொண்ணு."

என்னைப் பற்றி அச்சில் வந்த முதல் மரியாதை அந்த ஒரு எழுத்துதான்.

நாலாவது பாட்டு

அந்த அறைக்குத் திரும்புகிறேன்.

முதல் மூன்று பாட்டும் துள்ளல். ஒருவழியாக முடித்துவிட்டோம். ஒரே மூச்சில் பாட வேண்டும். ஒரு சொல் தடுக்கினாலும் மறுபடி முதலிலிருந்து. தபேலாக்காரர் என்றால் பாடுகிறவள் தடுமாறினால் கொஞ்சம் நின்று பிடித்துக்கொள்வார். ரிதம் பெட்டி யாருக்காகவும் நிற்காது.

நான்காவது, மெதுவான டிஸ்கோ. மாஸ்டரே எழுதி மெட்டமைத்தது. காதலனுக்குக் காத்திருக்கும் பெண் பாடுவதாக எழுதியிருந்தார்.

*வண்டி வரும் சத்தம் கேட்டு*
*வாசல் வரை ஓடினேன்*
*வந்திறங்கும் முகத்தில் எல்லாம்*
*உன் முகத்தைத் தேடினேன்*

அதற்குப் பிறகு 'டிஸ்கோ… டிஸ்கோ' என்று இரண்டு தடவை வரும். அது ஜமால் பாய் கேட்டது. அந்த வார்த்தை இல்லாத பாட்டு எப்படி டிஸ்கோ கேசட்டில் இருக்கும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சேர்த்துக் கொடுத்தார்.

கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். சில்லென்ற கன்னத்துக்குப் பாடினேன். எண்ணெய் இல்லாத தலைமுடிக்குப் பாடினேன். 'டிஸ்கோ… டிஸ்கோ' என்ற இடம் வந்தபோது அதைக் கொண்டாட்டமாகப் பாட வரவில்லை. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி வந்தது. முடித்துக் கண்ணைத் திறந்தால் மாஸ்டர் கீபோர்டில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார்.

"இன்னொரு வாட்டி பாடட்டுமா மாஸ்டர்?"

"வேணாம்மா," என்றார். "மறுபடி இது வராது."

பாகூருக்கு

கேசட் கைக்கு வந்த வாரம், ஒன்றை எடுத்துக்கொண்டு பாகூர் பஸ் ஏறினேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "வெயிலுக்கு முந்தி வந்துடு" என்றாள்.

அப்பாவின் அண்ணனை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர்தான். எங்களைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் கண் வேறு பக்கம் போய்விடும். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. வண்டியில் கட்டு ஏற்றுவதைப் பார்த்தபடி வரப்பில் நின்றிருந்தார். நான் கேசட்டை நீட்டியதும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அட்டைப் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவருக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும்.

"நீயா இது?"

"ஆமா பெரியப்பா. அப்பாவுக்கு அனுப்பணும். அட்ரஸ் குடுத்தீங்கன்னா நானே தபால்ல போட்டுடுறேன்."

அவர் கரும்பு வண்டியைப் பார்த்தார்.

"அவன் வூடு மாறிக்கினே இருக்கான்மா. போற ஆளு யார்கிட்டயாவது நான் குடுத்தனுப்புறேன்."

"கூட எதுனா சொல்லணும்னா, நான் பாடினதுன்னு சொல்லுங்க, போதும்."

"சொல்றேன்," என்றார். பிறகு, நான் கிளம்பும்போது, வெட்டிய கரும்பில் இரண்டு எடுத்துக் கையில் கொடுத்தார். அவ்வளவு நீளக் கரும்பைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வந்தேன். அனுப்புவார் என்று ஒரு பக்கம் நினைத்தேன். வரப்பிலேயே வைத்து மறந்துவிடுவார் என்றும் நினைத்தேன்.

ஊர் கேட்டது

எங்கள் ஊர் என் கேசட்டைக் கேட்டது. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வில்லியனூர் டீக்கடைகளில் கேட்டது. சேதராப்பட்டுக்குப் போகும் பஸ்ஸில் காலை ஷிப்டுக்குப் போகிற பெண்கள் டிரைவரிடம் சொல்லிப் போடச் சொன்னார்கள். பண்டசோழநல்லூரில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் பந்தலுக்கு வெளியே ஸ்பீக்கரில் என் குரல் என்னைப் பார்த்துப் பாடியது. நான் கூச்சத்தில் பின்பக்கமாகச் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

கடலூரும் விழுப்புரமும் கேட்கவில்லை. ஜமால் பாய் அனுப்பிய அட்டைப்பெட்டிகள் பிரிக்காமலே திரும்பி வந்தன. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. பிறகு வீடியோ கேசட் வாடகைக்கு விட ஆரம்பித்தார். இரண்டாவது கேசட் என்ற பேச்சு தானாகவே எழாமல் போனது.

நான் காத்திருந்தது வேறு.

தெருவில் கார் நின்றால் எட்டிப் பார்ப்பேன். பிரான்ஸிலிருந்து வந்தவர் என்று யாரையாவது சொன்னால் அந்த வீட்டுப் பக்கம் ஒரு வேலை வைத்துக்கொண்டு நடப்பேன். அவரே வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 'உங்க அப்பா கேட்டாரு, நல்லா இருக்குதுன்னாரு' என்று ஒரு மூன்றாம் மனிதர் வந்து சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக என் பாட்டில் வருகிற அந்தப் பெண்ணாகவே ஆகிப்போனேன். காத்திருந்தது காதலனுக்கு இல்லை, அவ்வளவுதான்.

யாரும் வரவில்லை. எனக்கு பால்வாடியில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆகி, அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தேன். முகூர்த்த நாட்களில் மட்டும் மாஸ்டரோடு போய்ப் பாடினேன். டிஸ்கோ மோகமும் மெல்ல அடங்கியது. சலூன் பெயரை மாற்றிவிட்டார்கள்.

பெண் வீட்டு மேடை

சில வருஷம் கழித்து, பாகூர் பெரியப்பாவின் கடைசி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார், நான் யாரென்று தெரியாமலே எங்கள் ஆர்கெஸ்ட்ராவைப் பேசிவிட்டார்கள். பெரியப்பா பத்திரிகை வைக்க வந்தபோது அம்மா வாங்கி மெஷின் மேல் வைத்தாள். அவள் போகவில்லை. "நீ போ. பாடத்தானே போற" என்றாள்.

சாயங்கால வரவேற்புக்கு முன்னால் மேடையில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண் பந்தலுக்குள் வந்து, மேடைக்குக் கீழே நின்று என்னையே பார்த்தாள். கழுத்தளவு வெட்டிய முடி. புடவை கட்டிவிட்டிருந்தார்கள், அது அவளுக்கு எந்த நேரமும் அவிழ்ந்துவிடும் போல இருந்தது.

"மதாம்," என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கூப்பிட்டாள். "நீங்க டிஸ்கோ தனம்?"

ஆமாம் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. உடனே அங்கேயே நின்று பாடினாள்.

"வந்தி வரும் ஸத்தம் கேத்து…"

எழுத்தெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் நான் மூச்சு விடுகிற இடங்களில் மூச்சு விட்டாள். நான் குரலை உடைக்கும் இடத்தில் உடைத்தாள். சரியாகப் புரியாத மொழிப் பாட்டை அப்படிக் கற்க வேண்டுமென்றால் எத்தனை தடவை கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"அப்பா கார்ல எப்பவும் இந்த கேசட். நான் ஸ்கூல் படிக்கும்போதுலேருந்து." அவள் பெயர் சில்வி என்றாள். கல்யாணத்துக்காக பாரீஸிலிருந்து வந்திருக்கிறாள். அவள் அம்மாவுக்கு ஊர் காரைக்கால் பக்கம். ஆனால் வீட்டில் பிரெஞ்சுதான்; அவள் திக்கித் திக்கிச் சொன்ன தமிழை நான் சீராக்கி எழுதுகிறேன். மாப்பிள்ளைத் தோழன் யார், பெண்ணின் பெரியம்மா யார் என்றெல்லாம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. கல்யாணப் பெண்ணின் அப்பா அவளுக்கு யார் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அப்பாவின் அண்ணன்.

அவள் வயதைக் கேட்டேன். சொன்னாள். அப்பா கடைசி லீவில் வந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனபோது, இவள் அங்கே தொட்டிலில் இருந்திருக்கிறாள்.

என் கையிலிருந்த மைக்கை மாஸ்டர் வந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். அது ஆன் செய்திருந்தது.

"அப்பா வரலியா?"

"டிக்கெட் வாங்கினாங்க. அப்புறம் வரலன்னுட்டாங்க. முட்டி வலின்னு." அவள் தோளைக் குலுக்கினாள். "மதாம், எனக்கு ஒண்ணு கேக்கணும். இந்தப் பாட்டு முழு அர்த்தம் என்ன? அப்பாவ கேட்டா, இது வண்டிப் பாட்டு, அதான் வண்டியில போடுறேன்னு சொல்றாங்க. ஆனா இந்தப் பாட்டு வந்தா அவங்க வண்டி ஓட்ட மாட்டாங்க. ஓரமா நிறுத்திடுவாங்க. முடிஞ்சதும்தான் போவோம். அம்மா கோபப்படுவாங்க."

நான் மேடை விளிம்பில் உட்கார்ந்தேன்.

"ஒருத்தர் வருவாருன்னு ஒரு பொண்ணு காத்துக்கினு இருக்குது. வண்டிச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுது."

"வந்தாங்களா?"

"பாட்டுல வரல."

சில்வி கொஞ்சம் யோசித்தாள். "பாடுறது யாருன்னு கேட்டா, எங்க ஊரு பாட்டுக்காரின்னு சொன்னாங்க. ரொம்ப நல்ல பாட்டுக்காரின்னு."

எங்க ஊரு பாட்டுக்காரி. அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். வந்ததும் அது என்னைத் தூக்கவும் செய்தது, கீழே போடவும் செய்தது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் கண்ணை இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு அப்பா இருந்தார்; காரை ஓரமாக நிறுத்துகிற, முட்டி வலிக்கிற அப்பா. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவள் அவரிடம் திரும்பிப் போக வேண்டும். நான் வாயைத் திறந்தால் எனக்கு அவர் கிடைத்துவிடப் போவதில்லை. அவளுக்கு மட்டும் இல்லாமல் போவார்.

"என்கூட சேந்து பாடுறியா?" என்று கேட்டேன்.

சாயங்காலம் பந்தல் நிறைந்தது. முன்வரிசையில் பெரியப்பா, பட்டு வேட்டியில், சம்பந்தியோடு உட்கார்ந்திருந்தார். நான் சில்வியைக் கையைப் பிடித்து மேடையில் ஏற்றி, மைக்கில் சொன்னேன்:

"அடுத்த பாட்ட என்கூடப் பாடப்போறது என் தங்கச்சி."

ஜனங்கள் கைதட்டினார்கள். மேடையில் கூட நிற்கிற எந்தப் பெண்ணையும் தங்கச்சி என்று சொல்வது வழக்கம்தானே. யாருக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. பெரியப்பா மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாடி முடித்து இறங்கும்போது சில்விக்கு வியர்த்துக் கொட்டியது. சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே இருந்தாள். "தங்கச்சி, எனக்குத் தெரியும் அது. இங்க எல்லாரும் என்னத் தங்கச்சின்னுதான் கூப்புடுறாங்க," என்றாள். நான் அவள் புடவை மடிப்பைச் சரி செய்து, கொசுவத்தில் ஒரு ஊக்கு குத்திவிட்டேன்.

"அப்பாவுக்கு எதுனா சொல்லணுமா மதாம்?"

"நாம ரெண்டு பேரும் சேந்து பாடினோம்னு சொல்லு."

மறுநாள் காலையில் அம்மா வீட்டுக்குப் போனேன். ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காரை நிறுத்துவதையும் சொன்னேன். மெஷின் ஓடியது, நின்றது, ஓடியது.

"அந்தப் பொண்ணு நல்லாப் பாடிச்சா?" என்று கடைசியில் கேட்டாள்.

"குரல் நல்லாருக்குதும்மா. தாளம்தான் தப்பித் தப்பிப் போவுது. மாஸ்டர் பெட்டிய நிறுத்திட்டு கையால வாசிச்சாரு."

"அவருக்கும் அப்பிடித்தான்," என்றாள் அம்மா. "பாட ஆரம்பிச்சா வாய் ஓயாது. தாளம் மட்டும் நிக்கவே நிக்காது."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"அப்பா பாடுவாரா?"

அம்மா சக்கரத்தில் கையை வைத்து மெஷினை நிறுத்தினாள்.

"இன்னாடி, உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அன்று மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து, அம்மா அப்பாவைப் பற்றிப் பேசினாள்.